விரைவும் நினைவும்

கணினியைப் பற்றி இருவர் உரையாடப் புகுவாராயின் அவ்வுரையாடல் விரைவு என்னும் ஒரு பொருளையே சுற்றிச் சுழலக் காணலாம். திருக்கோணமலை நகரத்துத் திருத்தகங்களிலும், மாணவர் கூடும் இடங்களிலும், ஆசிரியர் ஓய்வறைகளிலும் இஃது ஒன்றே வழக்கு. 'விண்டோஸ் 7 போல் விரைந்து இயங்கியது பின்னர் ஒன்றும் வரவில்லை' என்பார் ஒருவர். 'லினக்ஸை ஏற்றினாற் பழங்கணினியும் பறக்கும்' என்பார் மற்றொருவர். 'எதனை ஏற்றினும் பயனில்லை. புதியதொன்று வாங்குக' என்பார் வணிகர். மூவரும் உறுதியாகவே கூறுவர். ஆயின் அளந்து கண்டு கூறுவோர் அருகியே உள்ளனர். நூலைப் பயிலாது நூலாசிரியனை மதிப்பிடும் திறனாய்வுக்கும் இத்தகைய தீர்ப்புகளுக்கும் வேற்றுமை மிகச் சிறிது.

இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சாயின் விட்டுவிடலாம். விட இயலாத நிலை இப்போது வந்துள்ளது. 2015 இல் வெளிவந்த விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கான பொதுப் பாதுகாப்பு உதவியை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் நாளுடன் நிறுத்திக்கொண்டது. ஓராண்டு நீட்டிப்பு ஒன்று அறிவிக்கப்பட்டதாயினும் அது தவணையேயன்றித் தீர்வன்று. அதன் வழித்தோன்றலாகிய விண்டோஸ் 11, இன்ரெல் முறைவழியாக்கிகளைப் பொறுத்தவரை, 2017 ஆம் ஆண்டுக்கு முற்பட்டவற்றுட் பெரும்பாலானவற்றைத் தன் பட்டியலிற் சேர்க்கவில்லை. இலங்கையிலோ 2022 இல் ஏற்பட்ட பொருளாதார வீழ்ச்சியின்போது 200 ரூபாவளவில் நின்ற அமெரிக்க டொலர் சில மாதங்களுள் 350 ரூபாவைக் கடந்தது. இறக்குமதிப் பொருளாகிய கணினியின் விலை எவ்வாறாயிற்று என்பதை எவரும் ஊகித்துக்கொள்ளலாம். எனவே, ஒரு பாடசாலையோ ஒரு குடும்பமோ தன்னிடமுள்ள கணினியை வைத்துக்கொள்வதா விலக்குவதா என்னும் வினாவுக்கு, மேற்கூறிய மூவருள் எவர் சொல்லைக் கேட்கிறது என்பதைப் பொறுத்துப் பெரும்பணம் நிற்கும் அல்லது போகும்.

முதற்கண் ஒன்றைத் தெளிதல் வேண்டும். அக்கணினிகள் விலக்கப்பட்டமைக்கு அவற்றின் மெதுவான இயக்கம் முதற்காரணமன்று. பாதுகாப்புச் சில்லு ஒன்றின் இரண்டாம் பதிப்பு அவற்றில் இருத்தல் வேண்டும் என்பதும், குறித்த தலைமுறை முறைவழியாக்கிகளே ஏற்கப்படும் என்பதுமே காரணங்கள். நேற்று ஓடியது போலவே அவை இன்றும் ஓடும். 'பழையது, ஆகவே மெதுவானது, ஆகவே தள்ளப்பட்டது' என்று வணிகர் கூறும்போது, மூன்று வேறு செய்திகள் ஒரு கயிற்றிற் கட்டப்படுகின்றன.

இனி, விரைவு என்பதுதான் யாது? கணினியைத் திறக்கும் நேரமா, ஒரு விசையை அழுத்தியபின் எழுத்துத் தோன்றும் நேரமா, ஒரு பெரிய வேலை முற்றுப்பெறும் நேரமா? 1993 இல் யாக்கோப் நீல்சன் என்னும் அறிஞர் இது பற்றி எழுதியவை இன்றும் பயனுள்ளவை. ஒரு செயலுக்கான விடை நொடியிற் பத்திலொரு பங்குக்குள் கிடைப்பின் அது உடனே நிகழ்ந்ததாக மனிதன் உணர்கிறான். ஒரு நொடிவரை அவன் எண்ணவோட்டம் அறாது நிற்கும். பத்து நொடியைக் கடப்பின் கவனம் வேறொன்றிற் சென்றுவிடும். இவ்வளவுகோலை ஒப்பின், காலையிற் கணினி திறக்க ஒரு நிமிடம் பிந்துவது சிறுகுறை. தட்டச்சுச் செய்யும்போது ஒவ்வோர் எழுத்தும் அரைநொடி பிந்துவதே பெருங்குறை. ஆயின் பேசுவோர் பெரும்பாலும் முன்னதையே அளக்கின்றனர். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வாய்ப்பது அப்போதுதான் போலும்.

வன்பொருள் பற்றிய கருத்துகளிலும் இவ்வகை மயக்கம் உண்டு. முறைவழியாக்கியின் கிகாஹேட்சு எண்ணைச் சாதகக் குறிப்புப் போல ஒப்பிப்போர் பலர். உண்மையில் பழங்கணினியின் தாமதம் தங்கியிருக்கும் இடம் பெரும்பாலும் வன்தட்டாகும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற எட்டு மில்லி நொடிக்குச் சற்று மேலாகும்; வேண்டிய தரவு தலைக்குக் கீழே வந்துசேரச் சராசரியாக அதிற் பாதி; தலை தன் இடத்துக்கு நகர்தற்கு மேலும் பல மில்லி நொடி. அசையும் உறுப்பு இல்லாத திண்மநிலை வட்டில் இதே தேடல் மில்லி நொடியிற் பத்திலொரு பங்களவில் முடிந்துவிடும். நூறு மடங்கு வேற்றுமை ஓரிடத்திற் கிடக்க, இரு மடங்கு வேற்றுமையை வேறோரிடத்தில் தேடி முழுக் கணினியையும் மாற்றுவது எவ்வகைச் சிக்கனம்? பத்தாண்டு பழைய கணினிக்கு அவ்வட்டொன்றும் நான்கு கிகாபைற்று நினைவகமும் சேர்த்தோர் அது புதுப்பிறவி எடுத்தது போல் இயங்கக் காண்பர்.

இடத்தின் இயல்பும் ஈண்டு நோக்கத்தக்கது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருக்கோணமலையின் வெப்பம் அறியாதார் இலர். முறைவழியாக்கி குறித்த வெப்பத்தைக் கடந்தால் தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டுத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விசிறியிற் படிந்த தூசியும், கடற்காற்றின் உப்பால் அரிக்கப்பட்ட தொடுகைகளும் இதனை மிகுவிக்கும். குளிரூட்டிய அறையில் அளந்த எண்களைக் கொண்டு உட்துறைமுக வீதியில் ஓட்டுக்கூரையின் கீழுள்ள கணினியை மதிப்பிடுதல் பொருந்தாது. கச்சானிற் சோம்பிய கணினி வாடையிற் சுறுசுறுப்படைதல் கூடும். இடையில் ஏற்றிய பணிசெயல் முறைமைக்கு அப்புகழ் போய்ச்சேரும்.

நிற்க. பழைய விண்டோஸ்களைப் புகழ்வோர் கூற்றில் ஓர் உண்மை உண்டு. ஆயின் அவர்கள் எண்ணும் உண்மை அன்று. விண்டோஸ் எக்ஸ்பி 2001 இல் வெளிவந்தபோது அதற்குக் குறைந்த அளவு 64 மெகாபைற்று நினைவகமும், பரிந்துரைத்த அளவாக 128 மெகாபைற்றும் கூறப்பட்டன. அந்த 64 மெகாபைற்றுக் கணினியில் எக்ஸ்பியைக் கண்டோர் அதனை விரைவானதென்று சொல்லியிரார். பின்னாளில் வந்த, பதின்மடங்கு நினைவகங்கொண்ட கணினியில் ஓடிய எக்ஸ்பியே அவர்கள் நினைவில் நிற்பது. அம்முறைமையில் தமிழ் ஒருங்குறி எழுத்துகள் செவ்வனே தோன்றுதற்கு, சிக்கல் வரிவடிவங்களுக்குரிய தெரிவைத் தேடிப்பிடித்து நிறுவுதட்டையும் இடவேண்டியிருந்தது. அதனைச் செய்யாத கணினியில் ஒற்றைக்கொம்பும் காலும் இடந்தவறி நின்றன. தமிழ்ச்சொல் உடைந்து தோன்றிற்று. ஆங்கிலத்தில் விரைந்து, தமிழிற் பிழைத்த ஒன்றைத் தமிழர் விரைவானதெனப் புகழ்தல் வியப்பே.

மென்பொருள் தடித்துவரும் வேகம் வன்பொருள் விரையும் வேகத்தை விஞ்சுகிறது என்னும் முறைப்பாடு புதியதன்று. சுவிற்சர்லாந்து நாட்டறிஞர் நிக்லவுஸ் வியர்த் 1995 இல் இதனை ஒரு கட்டுரையாகவே எழுதினார். 2024 இல் அவர் மறைந்தபோதும் அம்முறைப்பாட்டுக்கு மறுப்பு எழவில்லை. இன்று பொதுவாகத் திறக்கப்படும் ஓர் இணையப் பக்கம் இரண்டு மெகாபைற்றைக் கடந்து நிற்கிறது. முற்காலத்து நெகிழ்தட்டு ஒன்று கொண்ட அளவு 1.44 மெகாபைற்று. ஒரு பக்கச் செய்தியைப் படிக்க ஒரு நெகிழ்தட்டுப் போதவில்லை என்பது பொருள்.

லினக்ஸ் அன்பரின் கூற்றை இங்கே வைத்து ஆராய்தல் பொருந்தும். 1991 இல் லினஸ் டொர்வால்ட்ஸ் தொடங்கிய கருவைச் சூழ்ந்து எழுந்த இம்முறைமைகள் விலையின்றிக் கிடைப்பவை, பகிர்தற்குத் தடையற்றவை. 2004 டிசெம்பர் 26 இன் ஆழிப்பேரலைக்குப் பின், இவ்வகைக் கட்டற்ற மென்பொருள் மரபில் நின்ற இலங்கைத் தொண்டர்கள் காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்யும்பொருட்டுச் 'சகானா' என்னும் மென்பொருளை ஆக்கினர். பின்னர் அது பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் உதவிற்று. அலையால் அடிபட்ட கரையோரங்களுள் ஒன்றாகிய திருக்கோணமலை மாவட்டத்தார் அம்மரபை மதித்தல் தகும். ஆயினும் மதிப்பு வேறு, மதிப்பீடு வேறு. லினக்ஸ் எளிதென்பது அதன் மேசைச்சூழலைப் பொறுத்தது. எக்ஸ்எஃப்சிஈ போன்ற மெலிந்த சூழலை ஏற்றினால் இரண்டு கிகாபைற்றுக் கணினியும் பிழைக்கும். அழகிய கனத்த சூழலை ஏற்றினால் விண்டோஸ் தந்த அதே மூச்சுத்திணறல் ஏற்படும். எதனை ஏற்றினும், பயர்பொக்ஸ் மேலோடியில் இருபது பக்கங்களைத் திறந்துவைத்தால் நினைவகத்தை உண்பது மேலோடியே. பணிசெயல் முறைமை விட்டுவைத்த மிச்சத்திலேதான் வேற்றுமை.

தட்டச்சுப் பழக்கத்தையும் லினக்ஸ் அன்பர் எண்ணிப்பார்ப்பதில்லை. ரெங்கநாதன் விசைப்பலகை முறை லினக்சிலும் உண்டு. ஆயின் இருபது ஆண்டாகப் பாமினி எழுத்துருவில் எழுத்துக்கோத்துப் பழகிய அச்சகத்தார்க்கு அதனை யார் அமைத்துக் கொடுப்பார்? கைப்பழக்கம் மாறுவதற்குச் செல்லும் ஆறு மாதமும் விரைவுக் கணக்கிற் சேர்தல் வேண்டும்.

இதுகாறும் கூறியவை ஒருபுறமிருக்க, விரைவை மட்டுமே பேசுவோர் மறந்துவிடும் பகுதி ஒன்றுண்டு. அது நினைவு. கண்டதை விரைந்து காண்பதினும், முன்னர்க் கண்டதை மீண்டும் கண்டடைவதே கற்போனுக்கு இன்றியமையாதது. அதற்கென எழுந்த கருவியே நூற்குறி. ஏட்டுச் சுவடியில் நூற்கயிறும், அச்சுநூலில் மயிலிறகும் செய்த பணியை மேலோடியின் நூற்குறி செய்கிறது. இப்பணியை ஒரு கணினியினின்றும் பிரித்து, இணையத்திலேயே வைத்துப் பிறரோடும் பகிருமாறு செய்தவர் யோசுவா சக்டர். அவர் 2003 இல் தொடங்கிய 'டெலிசியஸ்' என்னும் சேவையில் ஒவ்வொரு குறிக்கும் விரும்பிய சிட்டைச்சொற்களைச் சூட்டலாம். 2005 இல் யாகூ நிறுவனம் அதனை வாங்கிற்று. 2011 இல் விற்றது. பலர் கைமாறி, 2017 இல் அதன் போட்டியாளராகிய 'பின்போர்ட்' அதனை வாங்கிற்று. கூகிள் தன் செய்தித்திரட்டியை 2013 யூலையிலும், தன் நூற்குறிச் சேவையை 2021 செப்ரெம்பரிலும் மூடிற்று. பின்னர்ப் படிப்பதற்கெனப் பக்கங்களைச் சேர்த்துவைத்த 'பொக்கெற்' 2025 யூலை 8 இல் நின்றது. இவற்றுள் எதுவும் மெதுவாக இயங்கியதால் மூடப்பட்டதன்று. விரைவிற் குறையில்லாதவை நிலைப்பிற் குறையுற்றன. ஆயினும் 'எந்தக் குறிக்கருவி விரைவானது?' என்றே இன்னும் கேட்கப்படுகிறது.

இக்கருவிகள் தமிழுக்கு எவ்வளவு பொருந்தின என்னும் வினாவைத் தமிழர் தாமே எழுப்பாவிடின் பிறர் எழுப்பார். ஊர்ப்பெயர் ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். திருக்கோணமலை என்பது தமிழனுக்கு ஏழெழுத்து. ஒருங்குறியில் அது பன்னிரண்டு குறியீட்டு எண்கள். இணையத்திற் பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் முப்பத்தாறு பைற்றுகள். அப்பெயரைக் கொண்ட இணைய முகவரியைப் படியெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு பைற்றும் விழுக்காட்டுக் குறியுடன் மும்மூன்று வரியுருக்களாக விரிய, ஏழெழுத்து நூற்றெட்டு வரியுருவாகிறது. நூற்றெட்டு சைவர்க்கு நல்ல எண்ணே. எனினும் அவ்வரிசையைக் கண்டு இஃது எவ்வூர்ப் பக்கம் எனக் கூறவல்லார் யாருமிலர். இதனால் ஏற்படும் கால இழப்பு அற்பம். அறிவிழப்பே பெரிது, குறியைத் திறவாமல் அதன் பொருளை உணர முடியாது போகிறது.

சிட்டைச்சொற்களில் இடர் இன்னும் மிகும். ககர ஒற்றோடு திருக்கோணமலை என்றும், ஒற்றின்றித் திருகோணமலை என்றும், கோணமலை என்றும், செய்தித்தாள் வழக்கிற் திருமலை என்றும் ஒரே ஊர் எழுதப்படுகிறது. கருவிக்கு இவை நான்கு ஊர்கள். திருமலை என்று தேடினால் வேங்கடவன் திருமலையும் வந்து கலக்கும். மேலும், 'கோ' என்னும் எழுத்தை ஒரே குறியாகவும் இட இயலும். ஏகாரக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் இட இயலும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இரண்டையும் இயைத்துப் பார்க்கும் விதி ஒருங்குறியில் உள்ளதாயினும், அவ்விதியைப் பின்பற்றாத கருவி ஒன்றைத் தேடும்போது மற்றையதைக் காட்டாது விடும்.

வேற்றுமை உருபேற்கையில் திரியும் சொற்கள் பிறிதோர் இடர். துறைமுகம் என்று தேடினால் 'துறைமுகத்தில்' என்பது கிடையாது. மகரம் கெட்டு அத்துச்சாரியை வந்தமையின் எழுத்துத் தொடர் வேறாயிற்று. நன்னூல் பயின்ற மாணவன் 'துறைமுக' என்பதோடு நிறுத்தித் தேடுவான். கருவி அவ்விலக்கணத்தை அறியாது. அகரவரிசையும் அவ்வாறே. குறியீட்டு எண்வழியே வரிசைப்படுத்தும் கருவி னகரத்தைப் பகரத்துக்கு முன்னும், றகரத்தை ரகரத்தை அடுத்தும், ழகரத்தை ளகரத்துக்குப் பின்னும் நிறுத்தும். ஆய்தமோ அகரத்துக்கும் முன்னே போய் அமர்ந்துவிடும். நெடுங்கணக்கைக் கற்றோன் தன் குறிப்பட்டியலிலேயே வழிதவறுகிறான்.

பாமினிக் காலத்துப் பக்கங்களின் நிலை இரங்கத்தக்கது. ஒருங்குறி பரவுமுன் இலங்கைத் தமிழ்த் தளங்கள் பல அவ்வெழுத்துருவில் அமைந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்னும் சொல் ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தோன்றும். பக்கத்தின் தலைப்பே நூற்குறியின் பெயராகச் சேமிக்கப்படுதலால், அன்று குறித்துவைத்தோர் பட்டியல் இன்று ஆங்கில எழுத்துக் குப்பையாய்க் கிடக்கும். பக்கங்களும் நிலைக்கவில்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024 இல் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, 2013 இல் இருந்த இணையப் பக்கங்களுள் நூற்றுக்கு 38 பத்தாண்டுக்குப் பின் கிடைக்கவில்லை. குறி இருக்கிறது, குறிக்கப்பட்டது இல்லை. 1981 இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தை நினைந்து வருந்தும் சமூகம், ஓசையின்றி மறையும் இவ்வேடுகளை எண்ணி வருந்துவதாகத் தெரியவில்லை. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகமும், அதற்கு முன்னர் 1998 இல் தோன்றிய மதுரைத் திட்டமும் செய்துவரும் தொண்டு இவ்விடத்தில் வைத்து மதிக்கப்படவேண்டியது. அவை சுட்டியைச் சேர்க்கவில்லை, பொருளையே சேர்த்தன.

கலைச்சொல் பற்றியும் ஒரு சொல். பணிசெயல் முறைமை, மேலோடி என்று இலங்கைப் பாடநூல் கூற, இயங்குதளம், உலாவி என்கிறது தமிழக வழக்கு. கணினியா கணனியா என்னும் பிணக்கும் தீர்ந்தபாடில்லை. திருக்கோணமலை இந்துக் கல்லூரியை நடத்தியவரும், 1936 இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவருமாகிய விபுலாநந்த அடிகள் வகுத்துக்காட்டிய நெறி, அறிவியலைத் தமிழிற் கற்போன் ஒரு பொருளுக்கு ஒரு சொல்லைப் பெறவேண்டும் என்பது. அவ்வொருமை இன்மையால் விளையும் கேட்டைத் தேடுபொறி நாள்தோறும் காட்டுகிறது. இயங்குதளம் என்று தேடிய மாணவன் பணிசெயல் முறைமை பற்றிய இலங்கைக் கட்டுரையைக் காணான்.

அங்ஙனமாயின் கணினி வைத்திருப்போர் செய்யத்தக்கது யாது? பழங்கணினியைப் பொறுத்தவரை, வட்டையும் நினைவகத்தையும் மாற்றிப் பார்க்குமுன் விலக்குதல் ஆகாது. விண்டோஸ் 10 இல் நின்ற பாடசாலைக் கணினிகளுக்கு மெலிந்த லினக்ஸ் ஏற்றதே. ஆயின் ரெங்கநாதன் விசைப்பலகையை அமைத்து, ஆசிரியர்க்குப் பயிற்சியும் கொடுத்த பின்னரே ஏற்றது. நூற்குறிகளைப் பொறுத்தவரை, எந்நிறுவனத்தின் சேவையையும் மட்டுமே நம்பியிருத்தல் தவறு. குறிக்கும்போது தலைப்பைத் தமிழில் திருத்தி எழுதுதலும், ஊர்ப்பெயரை ஒரே வடிவில் இடுதலும், அரிய பக்கமாயின் 1996 இல் நிறுவப்பட்ட இணைய ஆவணகத்தில் அப்போதே ஒரு படியைப் பதித்துவைத்தலும் அரை நிமிட வேலை. விரைவை விரும்புவோர்க்கு அந்த அரை நிமிடம் கசக்கும்.

சேர்த்த குறிகளை மேலோடியினின்று ஒரு கோப்பாக வெளியெடுத்து வைத்தலும் எளிது. இன்றைய பெருமேலோடிகள் யாவும் வெளியிடும் அக்கோப்பின் அமைப்பு, 1990களில் நெற்ஸ்கேப் மேலோடி வகுத்த அமைப்பாகும். நெற்ஸ்கேப்புக்கான உதவி 2008 மார்ச்சு 1 உடன் முடிவுற்றது. அது வகுத்த குறிக்கோப்பை மட்டும் விண்டோசும் லினக்சும் வேற்றுமையின்றி இன்றும் திறக்கின்றன. ஆயிரம் குறிகளைக் கொண்ட அத்தகைய கோப்பு, படவுருக்களை நீக்கிவிட்டால், பழைய நெகிழ்தட்டு ஒன்றினுள் அடங்கிவிடும்.